வரிசை கலைந்த வீடு

ஒரு படிகத்துக்குள் கடோலினியம் என்ற பெரிய அணுவும் சிர்கோனியம் என்ற சின்ன அணுவும் குடியிருந்தன. பெரியவர்களுக்கு ஒரு வரிசை, சின்னவர்களுக்கு ஒரு வரிசை, ஆக்சிஜன்களுக்கு நடுவில் இடம். ஒரு நாற்காலி மட்டும் எப்போதும் காலி. ஏன் என்று கேட்டால் கடோலினியம் முறைக்கும்.

ஒரு நாள் விஞ்ஞானிகள் சோதனைக்காக அந்தப் படிகத்தின் மீதும் பக்கத்துப் படிகத்தின் மீதும் கதிர்வீச்சைப் பாய்ச்சினார்கள். அடித்த அடியில் கடோலினியமும் சிர்கோனியமும் இடம் மாறி விழுந்தன.

"என்ன அக்கா, என் இடத்தில் சௌகரியமா?" என்றது சிர்கோனியம்.

"வாயை மூடு. எழுந்திரு, என் இடம் எனக்கு வேணும்."

"இப்போ யாராவது எழுந்தா வீடே விழுந்துடும். பக்கத்து வீட்டைப் பாருங்க."

பக்கத்துப் படிகத்தில் டைட்டானியம் குடும்பம். அடுத்தவர் இடத்தில் உட்கார மாட்டேன் என்று ஒவ்வொன்றும் முறுக்கிக்கொண்டு நின்றது. இப்போது வரிசையும் இல்லை, வீடும் இல்லை. வீங்கி, விரிசல் விட்டு, படிகத்தன்மை போய் வெறும் கண்ணாடியாகக் கிடந்தது.

அடுத்த அடி விழுந்தது. தூக்கி எறியப்பட்ட ஓர் ஆக்சிஜன் காலி நாற்காலியின் முன்னால் வந்து தயங்கியது. "உட்காரலாமா, பெரியம்மா?"

கடோலினியம் பல்லைக் கடித்தது. சுவர் ஆடியது.

"உட்கார்ந்து தொலை!"

கதிர் ஓய்ந்தது. உள்ளே எல்லாம் தாறுமாறு. ஆனால் வீடு நின்றது, ஒரு விரிசல்கூட இல்லை. எல்லாருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

கடோலினியம் சிர்கோனியத்தின் இடத்தில் நெளிந்து நெளிந்து பார்த்தது. "ஏண்டி, இவ்வளவு இறுக்கமான இடத்திலயா இத்தனை நாள் உட்கார்ந்திருந்தே?"