கொலை வில்லை

"கொலை உங்களோடது, டெஸ்மண்ட்," என்றாள் மரிவிக், சீட்டைக் கலைத்துக்கொண்டே. சீட்டுப் போடுகிறவள் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னாள். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய உருவத்தின் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

ஸ்டாக்டன் நகரத்தில் இருந்த அந்தச் சீட்டு விடுதியின் மதிய ஆட்டத்துக்கு ஒரு விதி உண்டு. ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஜெயித்தால், 'கொலை' என்று எழுதிய கறுப்பு வில்லை அவர் முன்னால் வந்துவிடும். அடுத்த சீட்டைப் பார்க்கும் முன்பே அவர் பணம் கட்ட வேண்டும். அந்த ஒரு ஆட்டத்துக்கு எல்லாருக்கும் பந்தயம் இரட்டிப்பு.

லாரி ஓட்டி ஓய்வு பெற்ற லைல் ஹோக்ஸ்ட்ராவின் கைச்செலவு அந்த வில்லையால்தான் ஓடியது. பந்தயம் இரட்டித்ததும் மற்றவர்களுக்குக் குஷி வந்து, கண்ட சீட்டையும் வைத்துக்கொண்டு ஆடுவார்கள். அவர் அப்போதுதான் கையைச் சுருக்குவார்; நல்ல சீட்டு வந்தால் மட்டுமே ஆடுவார். வில்லை தன் முன்னால் வந்தாலும் சரி, சீட்டு மோசமென்றால் கட்டிய பணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

டெஸ்மண்ட் ஆட வந்ததிலிருந்து அவருக்கு இன்னொரு வழியும் கிடைத்தது. ஒரு ஆட்டம் ஜெயித்தால், அடுத்ததில் அவன் எந்தச் சீட்டு வந்தாலும் தூக்கிப் போட்டு ஆட்டத்திலிருந்து விலகிவிடுவான். ஒருமுறை அப்படிப் போட்டது புரண்டு விழுந்தது; இரண்டு ராஜா, யாரும் விட மனசு வராத சீட்டு. வில்லைக்கு அவன் பயப்படுகிறான் என்று லைலுக்கு அன்று புரிந்தது. பிறகென்ன, அவன் ஜெயித்த அடுத்த ஆட்டத்தில் ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டே பந்தயத்தை ஏற்றுவார். அவன் ஓடுவான்.

என்ன பயம் என்பதைப் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு நாள் காதில் போட்டார். சின்ன வயதில் ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பாதி ஆயுளைச் சிறையில் கழித்தவனாம்.

அவனைக் காரில் கூட்டி வருவது ஒரு முதிய பெண்மணி. 'மிஸ் ஏர்லீன்' என்றுதான் அவரைக் கூப்பிடுவான். அவர் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அவன் சூப்பில் பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டுக் கொடுப்பார். தலை நரைத்த பிள்ளைக்கு இன்னும் ஊட்டிவிடாத குறைதான் என்று லைல் நினைத்துக்கொள்வார்.

அன்று டெஸ்மண்ட் ஒரு ஆட்டம் ஜெயித்திருந்தான். அடுத்ததில், சீட்டைப் பார்க்கும் முன்பே பணம் கட்டிவிட்டு எல்லாருக்கும் கடைசியாக ஆடும் முறையும் அவனுடையது. வரிசையாக எல்லாரும் சீட்டைப் போட்டுவிட, மிச்சம் இருந்தது லைல் மட்டும். கையில் இரண்டு ராணி.

பந்தயத்தை ஏற்றினால் வழக்கம்போல் ஓடுவான். ஆனால் தானும் சீட்டைப் போட்டுவிட்டால், விரலை அசைக்காமலே இவன் இரண்டாவது முறை ஜெயித்தவன் ஆவான். வில்லை வரும். அரண்டு போனவனோடு இரட்டைப் பந்தயம் ஆடுவதைவிட லாபம் வேறு என்ன இருக்கிறது? என்னதான் நடக்கிறது பார்ப்போமே என்ற ஆசையும் உள்ளே இருந்தது. ராணிகளைத் தூக்கிப் போட்டார்.

இப்போது டெஸ்மண்ட் அந்த வில்லையை, காலடியில் விழுந்து கிடக்கும் ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். உதடு அசைந்தது. லைல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"எழுந்திருடா," என்றான் வில்லையிடம். "எழுந்திருடா."

விதி என்னவென்று மரிவிக் மெதுவாக ஞாபகப்படுத்தினாள். மிஸ் ஏர்லீன் எழுந்து வந்து, அவன் தோள்களில் இரண்டு கைகளையும் வைத்தார்.

"கட்டு, டெஸ்மண்ட். நான் இங்கதான் இருக்கேன்."

பணத்தை எடுத்துக் கட்டினான். லைலுக்கு நல்ல சீட்டு வந்தது, ஏற்றினார். அவன் தன் சீட்டைப் பார்க்காமலே போட்டுவிட்டுக் கழிவறைப் பக்கம் போனான். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் நிற்காமல் கேட்டது.

ஜெயித்ததை அடுக்கி வைக்க லைலுக்குக் கை வரவில்லை. எழுந்துபோய், காபி வாங்க நின்றிருந்த மிஸ் ஏர்லீனிடம் ராணிகளைத் தூக்கிப் போட்ட கதையை ஒளிக்காமல் சொன்னார்.

"தெரியும் தம்பி. சீட்டப் போட்டுட்டு நீங்க அவன் மொகத்தப் பாத்தீங்க. நான் உங்க மொகத்தப் பாத்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் லைலை இன்னும் சுட்டது. டெஸ்மண்ட் விடுதலையான அன்று சிறை வாசலுக்கு வேறு யாரும் வரவில்லை என்றும், தான்தான் கார் எடுத்துக்கொண்டு போனதாகவும் சொன்னார். வீட்டுப் பின்னறையில் படுக்கிறான். தூக்கத்தில் யாரையோ எழுப்புகிறான். அப்போதெல்லாம் விளக்கைப் போட்டு, விடியும்வரை கூட உட்கார்ந்திருக்கிறார். இங்கே அவனைக் கூட்டி வருவதும் அவருடைய யோசனைதான். அந்தச் சொல்லுக்குப் பயந்து மிச்ச ஆயுளையும் எப்படி ஓட்டுவான், கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும் என்றார்.

லைல் அவர் காபிக்குக் காசை எடுத்து வைத்தார். "என்ன பாவம் பண்ணியிருந்தாலும், பெத்தவ கைவிட மாட்டா மேடம்."

மிஸ் ஏர்லீன் காபிக் கோப்பையை அழுத்தி மூடினார்.

"நான் பெத்தது இவன இல்ல தம்பி. இவன் கொன்னானே, அவன."