ஆறு எண்கள்

காலையில் பால் காய்ச்சினேன், குளித்தேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன், பஸ் பிடித்தேன். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தணிகாசலத்தின் புதிய ஆய்வுக்கூடத் திறப்பு விழா. அதற்கு நிதி கேட்டு விண்ணப்பம் தயாரித்தவள், ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்த்த என் மனைவி மதிவதனி. என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பேராசிரியர் மைக்கைப் பிடித்தார். “நம்ம மதிவதனி கடைசி மூச்சு வரைக்கும், ‘சாரோட ப்ராஜெக்ட் கிடைச்சிரும்ல’ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். வீட்டுக்காரரே சொன்னாரு.” நான் அவரிடம் பேசியதே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். “கொடுத்துவெச்சவர் சார் நீங்க,” என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

விண்ணப்பத்தை அனுப்புவதற்கான ஓடிபி அவள் ஃபோனுக்குத்தான் வரும். கடைசி நாள் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் பேராசிரியர் அழைத்துக் கேட்டார். அவள் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு மூச்சு எடுத்து, ஆறையும் சொன்னாள். அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு வைத்தார். நான் மாஸ்க்கை மாட்டிவிட்டேன். ஃபோன் மறுபடி அடித்தது. நான் எடுக்கப் போனேன். அவள் மாஸ்க்கை மீண்டும் விலக்கினாள்.

“அவர்தானே? எடுக்காத. நீ ஏதாவது பேசேன்.”