பச்சைப் பிடி ஸ்க்ரூடிரைவர்

“பச்சைப் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு வரணும். அது வந்தாத்தான் கையெழுத்து.”

ஸ்டோர் கீப்பர் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து சொன்னார். எனக்கு வந்துச்சே ஒரு கோபம்!

அன்னைக்கு மாசக் கடைசி. சாயங்காலத்தோட கம்பெனியையே இழுத்து மூடறாங்க. இருபத்திரண்டு வருஷமா தண்ணி மீட்டர் சோதிச்ச எனக்கு இனி வேலை இல்லை. வாங்கின சாமானெல்லாம் திரும்ப வந்தாச்சுன்னு இவர் எழுதித் தந்தாத்தான், ஆபீஸ்ல வேலையிலிருந்து விடுவிச்ச கடிதம் தருவாங்க. எனக்கு முன்னாடி நின்னவனுக்குச் சட்டுனு கையெழுத்துப் போட்டு அனுப்பினார். என்கிட்ட மட்டும் இந்த வம்பு.

“போன வாரமே கொடுத்துட்டேனே சார். நீங்கதானே வாங்கி டிராயர்ல போட்டீங்க?”

“நோட்டுல இல்லையே.”

“கம்பெனியே போகுது. அந்த ஒரு ஸ்க்ரூடிரைவரை வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?”

“கம்பெனிதான் மூடுது. என் ஸ்டோர் இன்னும் மூடல.”

அவர் எப்பவுமே அப்படித்தான். எரிஞ்சுபோன பல்பைக் காட்டினாத்தான் புது பல்பு. தீர்ந்த ரீஃபிலைக் காட்டினாத்தான் புது ரீஃபில். நாங்க அவருக்கு வச்ச பேரே ‘பழசு எங்கே’. “அவரோட கல்யாண போட்டோவைப் பாருங்கடா, பின்னாடி இருக்கற நாற்காலியை எண்ணிக்கிட்டு நிப்பார்”னு சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல.

“உன் சம்சாரத்துக்கு ஆபரேஷன் எப்ப?” நோட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டார்.

“வர்ற பன்னெண்டாம் தேதி. இதயத்துல வால்வு மாத்தணும். வேலையோட சேர்ந்து இன்சூரன்ஸும் இன்னையோட போச்சு. வேற இன்சூரன்ஸுக்கு எங்கே போய் முட்டிக்கிறதுன்னு நிக்கறேன், நீங்க வேற!”

“நாளைக்கு வா.”

ஜன்னலைச் சாத்திட்டார்.

“நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?”ன்னு சாத்தின ஜன்னலைப் பார்த்துக் கத்திட்டு வந்தேன்.

வீட்ல விஷயத்தைக் கேட்டு அவ சிரிச்சா. “புதுசா ஒண்ணு வாங்கிக் கொடுத்துடுங்க. பாவம், அந்த மனுஷனுக்குத் தூக்கம் வரட்டும்.” சிரிச்சா மூச்சு வாங்கும்கிறதால பாதியிலயே நிறுத்திக்கிட்டா.

மறுநாள் கடையில ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போனேன். ஆபீஸ்ல நாலு பேர் மட்டும் மிச்ச வேலையை முடிச்சுக்கிட்டிருந்தாங்க. சோதனைக் கூடம் திறந்தே கிடந்துச்சு. எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது.

வரிசைக்கு இருபது மீட்டர். குழாயைத் திறந்துவிட்டா இருபது முள்ளும் ஒண்ணா சுத்த ஆரம்பிக்கும். அந்தத் தண்ணி இரைச்சலுக்கு மேல பேசிப் பேசியே எங்களுக்கெல்லாம் தொண்டை பெருசாயிடுச்சு. “உப்பு கேக்கறதுக்கு ஏங்க சண்டைக்கு வர்றீங்க?”ன்னு அவ கேப்பா. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தா யாரோடதை யார் சாப்பிடறாங்கன்னே தெரியாது. கல்யாணமான புதுசுல அவ கட்டிக் கொடுத்ததுல நான் தின்னதைவிடக் கூட்டாளிங்க தின்னதுதான் அதிகம். என்ன நாளுங்க அதெல்லாம்! இப்ப ஒரு குழாய்கூடச் சொட்டல. கண்ணு கலங்கிப்போச்சு.

ஸ்டோர் கீப்பர் நான் கொடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்குப் பிடி சிவப்பா இருக்கே?”

“கடையில இதுதான் இருந்துச்சு!”

“சரி, பரவாயில்ல.”

கையெழுத்துப் போட்டு, ஒண்ணாம் தேதின்னு பளிச்சுனு எழுதினார். கடிதமும் அதே தேதியில கிடைச்சுது. போயிட்டு வரேன்னுகூடச் சொல்லாம வந்துட்டேன்.

அப்புறம் ஆரம்பிச்சுது அலைச்சல். முதல் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல, “ஏற்கனவே இருக்கற நோய்னா மூணு வருஷம் காத்திருக்கணும்”னாங்க. “நான் காத்திருப்பேன், அந்த வால்வு காத்திருக்குமா?”ன்னு கேட்டேன். அடுத்த இடத்துல ‘இதய நோய்’ங்கற கட்டத்துல டிக் போட்டதுமே கையை விரிச்சுட்டாங்க. மூணாவது இடத்துல ஒருத்தர், “அதை மட்டும் மறைச்சு எழுதிடுங்க”ன்னு காதோட சொன்னார். பயந்துபோய் எழுந்து வந்துட்டேன்.

கடைசியா, கம்பெனி எங்களுக்கெல்லாம் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்திருந்த ஆபீஸுக்கே போனேன். அங்கே இருந்த பொண்ணு என் கடிதத்தை வாங்கிப் படிச்சுது.

“ஒண்ணாம் தேதி விடுவிச்சதா இருக்கே சார்?”

“அந்தக் கொடுமையை ஏம்மா கேக்கறே!” மனசுல இருந்ததையெல்லாம் கொட்டினேன்.

முழுசா கேட்டுட்டுச் சொல்லுச்சு: “உங்க கம்பெனியோட எங்க ஒப்பந்தம் இப்படித்தான் சார். மாசத்துல ஒரே ஒரு நாள் வேலையில இருந்தாலும் அந்த மாசம் முழுக்க இன்சூரன்ஸ் உண்டு. பன்னெண்டாம் தேதி தைரியமா ஆபரேஷன் பண்ணிக்கோங்க. மாசம் முடியறதுக்குள்ள இதையே உங்க சொந்தப் பேருக்கு மாத்தித் தரேன். பழைய நோய்க்குக் காத்திருக்கவும் வேண்டாம்.”

கடிதத்தைத் திரும்ப வாங்கித் தேதியை இன்னொரு தடவை பார்த்தேன்.

“அப்ப முந்தின நாளே கையெழுத்துக் கிடைச்சிருந்தா?”

“எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது சார்.”

“அடேயப்பா! அந்த ‘பழசு எங்கே’ பிடிவாதம் பிடிச்சது எனக்கு அதிர்ஷ்டமா முடிஞ்சிருக்கு பாரும்மா!”

“அதிர்ஷ்டமா?” அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே மேஜை மேல இருந்த ஃபைல்களை என் பக்கம் திருப்புச்சு. “உங்க கம்பெனியிலிருந்து இந்த வாரம் வந்ததுல நீங்க பதினொண்ணாவது ஆள் சார். பதினோரு பேர் வீட்லயும் ஒரு நோயாளி. ஒருத்தர் டார்ச்சைத் திருப்பிக் கொடுக்கலையாம், ஒருத்தர் பூட்டைக் கொடுக்கலையாம், இன்னொருத்தர், கேளுங்க, பதினாறடி ஏணியை வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாராம்!”