ஆணி டயர்

“பொதுமக்களின் மேலான கவனத்திற்கு! இன்று முதல், பனியில் வழுக்காத ஆணி டயரே டயர். மற்றதெல்லாம் வெறும் ரப்பர் வளையம்!”

பனி உறையும் வடதேசத்து ஓவ்லு நகரத்தின் சைக்கிள் கடைக்காரர் கலெர்வோ, டயர் அடுக்கின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு இப்படிப் பிரகடனம் செய்தபோது, பொதுமக்கள் என்று கடையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, சக்கரத்துக்குக் காற்றடிக்க வந்து காப்பிக்கு உட்கார்ந்துவிட்ட ரைலி. இன்னொருவன், கதவருகே பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்த வெய்யோ.

“யோவ் கலெர்வோ, போன வருஷம் ஆணி டயரைக் கோழைங்க டயர்னு சொன்னது யாரு?” என்றாள் ரைலி, ஏலக்காய் பன்னைக் காப்பியில் நனைத்தபடி.

“விஞ்ஞானம் வளருதும்மா.”

“விஞ்ஞானமா, கம்பெனிக்காரன் தர்ற கமிஷனா?”

கலெர்வோவுக்குத் தேவையான கேள்விகள் மட்டுமே காதில் விழும். அவர் வெய்யோவின் பக்கம் திரும்பினார். வாடிக்கையாளர்களின் முகம் அவருக்கு அவ்வளவாக நினைவிருக்காது. விற்ற டயர் மறக்காது.

“அடடே! போன வருஷம் பஞ்சராகாத டயர் வாங்கிட்டுப் போனியே, உன் சம்சாரத்துக்கு! ஹில்காதானே பேரு? உண்மையைச் சொல்லு, ஒரு பஞ்சர் ஆச்சா?”

“இல்லண்ணே. ஒண்ணுகூட ஆகல.”

“கேட்டியா ரைலி! பனிமேல முனிசிபாலிட்டிக்காரன் கொட்டற ஜல்லி இருக்கே, கத்தி மாதிரி. அதுலயே ஓட்டியிருக்காங்க. ஒண்ணுகூட இல்லயாம்!”

“அவ ஆணி டயர்தான் கேட்டா,” என்றான் வெய்யோ மெதுவாக. “இங்க வர்றதுக்கு முன்னாடியே சொன்னா. நான்தான், பெரியவர் சொல்றார், உனக்கென்ன தெரியும்னு அவ வாயை அடைச்சேன். மைனஸ் இருபதுல, கையுறையைக் கழட்டி நடுரோட்டுல டியூப் மாத்தறது என் கண்ணு முன்னாடி வந்துச்சு. வேற எதுவும் வரல.”

“யாருக்குத்தான் வரும்? இந்த ஊர்ல பஞ்சருக்குத்தான் எல்லாரும் பயப்படுவோம். சரி, இப்ப என்ன வேணும்?”

“ஆணி டயர். ரெண்டு. திங்கக்கிழமை அவ மறுபடி லைப்ரரி வேலைக்குப் போறா. பிப்ரவரிக்கப்புறம் இப்பத்தான். வாசலெல்லாம் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கு. இந்தத் தடவையாவது அவ பத்திரமாப் போய்ச் சேரணும்.”

“பிப்ரவரியிலேர்ந்து லீவா! கொடுத்து வச்சவங்கப்பா லைப்ரரிக்காரங்க.”

ரைலி கோப்பையைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு எதுக்கு? முன் சக்கரத்துக்கு ஒண்ணு போட்டாலே போதும். வழுக்கறது முன்னாடிதான். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு,” என்றார் கலெர்வோ. உலகத்துக்கே தெரிந்த சங்கதி அது.

“ரெண்டும் வேணும்ணே. ஒண்ணு போட்டா ஒரு பக்கமா இழுக்கும்.”

“ஒரு பக்கமாவா? யார் சொன்னது உனக்கு? இன்டர்நெட்டா?” கலெர்வோ வாய்விட்டுச் சிரித்தார். “போகட்டும், அளவு? இருபத்தெட்டு இன்ச்தானே?”

“இருபத்து நாலு.”

“ஹில்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சைக்கிளுக்கு மாறிட்டாங்களா?”

“உசரம் கொஞ்சம் கொறஞ்சு போச்சு,” என்றான் வெய்யோ. கலெர்வோ அதையும் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஏணியில் ஏறி, மேல்தட்டிலிருந்து இரண்டு டயர்களை, வாரிசுக்கு வாள் வழங்கும் மன்னர் போல, இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு இறங்கினார்.

வெய்யோ ஒன்றை வாங்கி ஆணிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பல்லைப் பிடித்துப் பார்த்துக் குதிரை வாங்குகிறவனுக்குக்கூட அத்தனை சந்தேகம் இருக்காது.

“இது நல்லாப் பிடிக்குமாண்ணே? நிஜமா?”

“சுவத்துலயே ஏறும்!”

“மரத்தரையில கீறல் விழுமா? லைப்ரரி பூரா மரத்தரை.”

“ஏம்ப்பா, லைப்ரரிக்குள்ள யாராவது சைக்கிள் ஓட்டுவாங்களா? வெளியில பூட்டிட்டுப் போகச் சொல்லு!”

ரைலிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வெய்யோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, கீறல் விழுமா?” வெய்யோ விடவில்லை.

“விழும், விழும். வாசல்ல கழட்டி மாட்டற மாதிரி உறை இருக்கு, சேத்துத் தரேன். போன வருஷம் நான் கொடுத்த யோசனை எப்படி? ஒரு வருஷம் நிம்மதியா இருந்தீங்கல்ல? அது மாதிரிதான் இதுவும். கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போ.” மார்பை நிமிர்த்திக்கொண்டு ஸ்பானரை எடுத்தார். “சைக்கிளை உள்ளே கொண்டா. என்மேல இவ்வளவு நம்பிக்கை வச்சு ஒருத்தன் திரும்பி வந்திருக்கான், நானே என் கையால மாட்டித் தரேன்.”

“சைக்கிள் இல்லண்ணே. போன பிப்ரவரியில பாலத்து இறக்கத்துல வழுக்கி விழுந்ததிலேர்ந்து ஹில்கா நடக்கறதில்ல,” என்றான் வெய்யோ. “இது அவ சக்கர நாற்காலிக்கு.”