தாழ்ப்பாள் என்ற சொல்

கதைக்குள் போகும் முன் சில செய்திகளை அறிந்துகொள்ள வேண்டும். கூண்டுக் கிளிக்கு எழுத்துகள் அனைத்தும் தெரியும்; அருகில் அமர்ந்து பாடம் படித்த சிறுமியைப் பார்த்தே அது கற்றது. அவள் வெளியூர் போனபின் கிளியோடு பேசுவார் இல்லை. தீனி வைப்பவரும் வாய் திறப்பதில்லை. ஆகவே அது அறிந்த சொற்கள் மிகச் சில.

கூண்டின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கிளி அதைத் தினமும் உரக்கப் படித்தது: "தாழ்ப்பாளைத் தூக்கினால் கதவு திறக்கும்." கதவு திறக்கும் என்பது புரிந்தது. எதைத் தூக்குவது என்பதுதான் விளங்கவில்லை.

ஒரு நாள் சன்னலுக்கு வந்த அணில் கேட்டது: "கிளியக்கா, இவ்வளவு அழகாகப் படிக்கிறீர்கள். பிறகு ஏன் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

"தாழ்ப்பாள் என்றால் என்ன, தம்பி?"

அணிலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடடா! இப்போதுகூட மூக்கைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்தக் கம்பிதான்!"

கிளி அந்தக் கம்பியை நீண்ட நேரம் பார்த்தது. பிறகு அலகால் தூக்கியது.

பின்னர் நடந்தவற்றில் உறுதியாகத் தெரிந்தவை இவை. கதவு திறந்தது. கிளி தோட்டத்து மாமரத்தில் குடியேறி, கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் கேட்டது. அணில் சலிக்காமல் சொன்னது. மழைக்காலம் தொடங்கியபின் அணில் வரவில்லை. அந்நாள்களில் ஒருமுறை, மரத்தடியில் கிடந்த பொட்டலக் காகிதத்தில் "ஏக்கம்" என்ற சொல்லைக் கிளி எழுத்துக் கூட்டிப் படித்தது. அதற்கு மட்டும் அது யாரிடமும் பொருள் கேட்கவில்லை.