ரத்தத்தில் ஏறாத கேரட்

"மாமா, டாக்டர் கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. எல்லாம் நல்லா இருக்குன்னு பூசி மெழுகாதீங்க."

மருமகள் காதோரம் கிசுகிசுக்க, மாமனார் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். முப்பது வருடம் ரயில் ஓட்டியவர். இப்போது டாக்டர் அறை நாற்காலியின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

போன வருடம் அவருடைய சிறுகுடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். மகனுக்குக் கப்பலில் வேலை; இப்போதைக்கு வரமாட்டான். மாத்திரை, பத்தியம், பரிசோதனை எல்லாம் மருமகள் தலையில்தான். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் நாளெல்லாம் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவள், விடியுமுன் எழுந்து அவருக்கு வேண்டியதைச் சமைத்து வைத்துவிட்டுத்தான் வேலைக்கு ஓடுவாள்.

டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார். நெற்றி சுருங்கியது.

"கேரட் தினமும் குடுக்கச் சொன்னேனே?"

"ஒரு நாள் விடலை டாக்டர். மூணு மாசமா, தினம் ரெண்டு பெரிய கேரட்."

"பச்சையாவா?"

"ஐயோ, இல்ல. பொடியா நறுக்கி, வேகவெச்சு, எண்ணெயில வதக்கித்தான். பச்சையா கடிச்சா சத்து பாதி உடம்புல ஒட்டாமலே போயிடும், வெந்து மசிஞ்சாத்தான் வெளிய வரும், கூட எண்ணெய் இருந்தாத்தான் குடல் அதை உள்ள இழுத்துக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கு மனப்பாடம்."

"என் குடலைப் பத்தி என்னைவிட இவளுக்குத்தான் நல்லாத் தெரியும்," என்றார் மாமனார் பெருமையாக.

"சும்மா இருங்க மாமா."

டாக்டர் சிரிக்கவில்லை.

"அப்படிச் சாப்பிட்டிருந்தா கேரட்டோட மஞ்சள் சத்து ரத்தத்துல நல்லா ஏறியிருக்கணும். இவருக்கு மூணு மாசத்துக்கு முன்னாடி இருந்த அதே அளவு, இம்மிகூட ஏறலை. மிச்சமிருக்கிற குடல் வேலை செய்யுதான்னே சந்தேகமா இருக்கு. உள்ள குழாய் விட்டுப் பார்க்கணும். தேவைப்பட்டா மறுபடியும்..."

"மறுபடியும் ஆபரேஷனா?"

அவள் குரல் உடைந்தது.

"எண்ணெய் பத்தலையா டாக்டர்? இன்னொரு ஸ்பூன் விடறேன். என் சமையல்லதான் கோளாறுன்னா சொல்லிடுங்க, மாத்திக்கிறேன்."

மாமனாரின் முகத்தில் சிரிப்பு காணாமல் போயிருந்தது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நீ அழாத," என்று முணுமுணுத்தார்.

"நீங்க பேசாதீங்க! உங்களுக்கு ஒண்ணுன்னா உங்க பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? அவரை விடுங்க, எனக்கு யார் இருக்கா..."

முடிக்க முடியாமல் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரின் பார்வை அந்தக் கைகளிலேயே நின்றது.

"கையைக் காட்டுங்க."

"மாமா, கையை நீட்டுங்க."

"அவர் இல்லம்மா. நீங்க."

ஒன்றும் புரியாமல் நீட்டினாள். உள்ளங்கை இரண்டும் பழுத்த எலுமிச்சை நிறத்தில் இருந்தன. டாக்டர் எழுந்து வந்து அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கண் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"காமாலை இல்ல. நீங்க தினமும் எத்தனை கேரட் சாப்பிடுறீங்க?"

"நானா? ஒரு துண்டுகூட வாயில போடறதில்லையே! இது துணிச் சாயம்னு நெனச்சேன்."

"சாயம் இல்ல. கேரட் நிறைய உள்ள போயி, குடலும் அதை ஒழுங்கா வாங்கிக்கிட்டாத்தான் கை இப்படி மஞ்சளாகும்."

டாக்டர் மெல்லத் திரும்பி மாமனாரைப் பார்த்தார். மருமகளும் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"ஒரு ரொட்டித் துண்டைக் கடிச்சிட்டு நாள் முழுக்க உழைக்கிற பொண்ணு. நான் வீட்ல சும்மா உட்கார்ந்திருக்கிறவன்," என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார். "தினமும் உன் பிளாஸ்க்ல நான் ஊத்திக் குடுக்கிற தக்காளி சூப், தக்காளி மட்டும் போட்டா அவ்வளவு கெட்டியா வருமாம்மா?"