கம்பி வெந்த தண்ணீர்

"எட்வின், உங்க பேஸ் கிடார்ல சத்தமே செத்துக் கெடக்கு. கம்பிய மாத்துங்க, இல்லாட்டி வேகவைங்க" என்று இசைக்குழுத் தலைவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

எட்வின் நான்கு கம்பிகளையும் கழற்றிப் பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டார். ஏறிய வியர்வையும் அழுக்கும் கழன்றால் ஓசை திரும்பிவிடும். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் அந்தக் கம்பிகளை முந்தானையால் துடைத்துவைத்தவள், அதே குழுவில் பாடிய அவர் மனைவி புளோரா. அவள் இறந்து இரண்டு வருடமாகிறது; அவள் கை பட்ட கம்பிகளை அவர் மாற்றவேயில்லை. தண்ணீர் பழுப்பாகிக்கொண்டே வந்தது.

அன்று மாலை கல்யாண வரவேற்பில் கம்பிகள் கணீரென்று பேசின, யாரோ முன்பின் தெரியாதவனின் கம்பிகளைப் போல. தலைவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் மகள் ஷீபா அடுப்படியிலிருந்து கேட்டாள்: "அப்பா, இந்த அழுக்குத் தண்ணியக் கொட்டிரவா? பால் காய்ச்சணும்."

எட்வின் ஓடிவந்து பாத்திரத்தைத் தட்டால் மூடினார்.

"வேற பாத்திரத்துல காய்ச்சிக்கோம்மா."